அசாஞ்சேயின் குற்ற ஒப்புதலுக்குப் பிறகு: கசிந்த அரசு ஆவணத்தை அச்சிடுவது குற்றமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2024 ஜூன் 26 அன்று, பசிபிக் பெருங்கடலில் உள்ள சைப்பான் தீவின் அமெரிக்க நீதிமன்றத்தில் விக்கிலீக்ஸ் இணையத்தளத்தின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே ஒரே ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். பிரிட்டனின் பெல்மார்ஷ் சிறையில் கழித்த 62 மாதங்களே தண்டனையாகக் கணக்கிடப்பட்டன. அன்றே அவர் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினார். அவர் வீடு திரும்பியதில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. ஆயினும் அவர் எந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்பதை நம் செய்தித்தாள்கள் ஒரு வரியில் கடந்துவிட்டதாகவே நினைக்கிறேன். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு தொடர்பான ஆவணங்களைப் பெறவும் வெளியிடவும் சதி செய்தார் என்பதே அந்தக் குற்றம். அரசு மறைக்க விரும்பும் ஆவணத்தை அரசுக்குள் இருக்கும் ஒருவரிடமிருந்து பெற்று வெளியிடுவது புலனாய்வு இதழியலின் அன்றாட வேலை. அதற்கு 1917-இன் உளவுச் சட்டத்தில் தண்டனை பெற்றவர் என்ற பதிவு இப்போது நிலைத்துவிட்டது.

விக்கிலீக்ஸ் 2010-இல் வெளியிட்டவற்றை நினைவுபடுத்துவது நல்லது. 2007 ஜூலை 12 அன்று பாக்தாத் தெருவொன்றில் அமெரிக்க அப்பாச்சி ஹெலிகாப்டர் சுட்டதில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஒளிப்படக்காரர் நமீர் நூர் எல்தீனும் அவருடைய உதவியாளர் சயீத் சமாக்கும் மற்றவர்களோடு கொல்லப்பட்டனர். காயப்பட்டவரைத் தூக்க வந்த வேனையும் சுட்டார்கள். அதற்குள் இருந்த இரண்டு குழந்தைகள் படுகாயமடைந்தனர். ராய்ட்டர்ஸ் நிறுவனம் தகவல் அறியும் சட்டத்தின்படி அந்தக் காணொளியைக் கேட்டும் அதற்குக் கிடைக்கவில்லை. 2010 ஏப்ரல் 5 அன்று உலகம் அதைப் பார்த்தது விக்கிலீக்ஸ் வழியாகத்தான். அதன் பின் ஆப்கானிஸ்தான் போர்ப் பதிவுகளும், ஏறத்தாழ 3,92,000 ஈராக் போர்ப் பதிவுகளும், நவம்பர் 28 முதல் 2,51,287 தூதரகக் கேபிள்களும் (அமெரிக்கத் தூதரகங்களுக்கும் தலைநகருக்கும் இடையே சென்ற அறிக்கைகள்) வெளிவந்தன. அவற்றைக் கொடுத்த அமெரிக்க ராணுவ வீரர் செல்சி மேனிங்குக்கு 35 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அதை 2017-இல் அதிபர் ஒபாமா குறைத்தார். ஹெலிகாப்டரிலிருந்து சுட்டவர்கள் மீது வழக்கு இல்லை. ஈராக் மீது படையெடுக்க முடிவு செய்தவர்கள் மீதும் இல்லை.

இந்த வரிசையில் நான் முதலில் வைப்பது பென்டகன் ஆவணங்களை. வியட்நாம் குறித்த அமெரிக்க முடிவுகளின் வரலாற்றை எழுதும்படி 1967-இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்நமாரா ஆணையிட்டார். சுமார் 7,000 பக்கங்களும் 47 தொகுதிகளும் கொண்ட தொகுப்பு உருவானது. அதில் உதவிச் செயலர் ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில் எழுதிய ஒரு குறிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் போர் நோக்கங்களை அவர் விழுக்காட்டில் பிரித்திருந்தார்: மானக்கேடான தோல்வியைத் தவிர்க்க 70, தென்வியட்நாம் நிலப்பரப்பு சீனாவின் கைக்குப் போகாமல் இருக்க 20, தென்வியட்நாம் மக்கள் மேலும் நல்ல, சுதந்திரமான வாழ்வு பெற 10. மக்களிடம் பேசும்போது அந்தப் பத்தையே நூறாகக் காட்டினார்கள். வடவியட்நாமுக்கு இந்தக் குறிப்பால் கிடைக்கக்கூடிய படை ரகசியம் எதுவும் இல்லை. தங்கள் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய அமெரிக்கப் பெற்றோரிடமிருந்துதான் அது மறைக்கப்பட்டிருந்தது. ‘ரகசியம்’ என்று முத்திரையிடப்பட்ட வெளியுறவு ஆவணங்களில் எத்தனை எதிரிக்கு மறைப்பவை, எத்தனை சொந்தக் குடிமக்களுக்கு மறைப்பவை என்று நண்பர்கள் எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கடலோடி

வைகைக்கரை ஐயாவின் கேள்வி முக்கியமானது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த எடுத்துக்காட்டுகள் அவருடைய பக்கத்துக்கு மட்டும் வசதியானவை. ஒரு தூதர் தம் தலைநகருக்கு எழுதும் அறிக்கை வெளிப்படையாக இருக்க வேண்டுமானால், அது வெளியே போகாது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும். மெக்சிகோவில் அமெரிக்கத் தூதராக இருந்த கார்லோஸ் பாஸ்குவல், அந்நாட்டு ராணுவம் போதைக் கும்பல்களுக்கு எதிராகத் துணிந்து இறங்கத் தயங்குவதைத் தம் அரசுக்கு எழுதினார். கேபிள் வெளியானதும் அதிபர் கால்டெரோன் சினமடைந்தார். 2011 மார்ச்சில் பாஸ்குவல் பதவி விலகினார். ஈக்வடார் தன் நாட்டிலிருந்த அமெரிக்கத் தூதரையே வெளியேற்றியது. இவ்விருவரும் எந்தப் போர்க்குற்றத்தை மறைத்தார்கள்? கண்டதை எழுதும் தூதர் தண்டிக்கப்பட்டால், அடுத்து வருபவர் தலைநகரம் விரும்புவதை மட்டுமே எழுதுவார். அப்போது வெளியுறவுக் கொள்கை இன்னும் மோசமாகும்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. 2011 செப்டம்பர் 2 அன்று விக்கிலீக்ஸ் எல்லாக் கேபிள்களையும் பெயர் மறைக்காமல் வெளியிட்டது. அதுவரை அதனோடு இணைந்து உழைத்த கார்டியன், நியூயார்க் டைம்ஸ், டெர் ஷ்பீகல், லெ மோந்த், எல் பாயிஸ் ஆகிய ஐந்து இதழ்களும் அதைக் கண்டித்தன. கேபிளில் பெயர் வந்ததால் எத்தியோப்பியப் பத்திரிகையாளர் ஒருவர் அதே மாதத்தில் தம் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. பத்திரிகைச் சுதந்திரத்தின் பெயரால் ஒரு பத்திரிகையாளர் நாடிழந்தார் என்பதை இந்த இழையில் யாராவது பதிவு செய்தாக வேண்டும், நான் செய்கிறேன்.

சட்டவாசகர்

இரண்டு சட்டக் கேள்விகள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. பிரித்துக்கொண்டால் பேச்சு தெளியும். வெளியிடும் முன்பே அரசு தடுக்க முடியுமா என்பது ஒன்று. வெளியிட்ட பின்பு வழக்குத் தொடுத்துத் தண்டிக்க முடியுமா என்பது மற்றொன்று.

நியூயார்க் டைம்ஸ் 1971 ஜூன் 13 ஞாயிறன்று பென்டகன் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. மூன்று நாள் வெளியீட்டுக்குப் பிறகு நிக்சன் அரசு நீதிமன்றத் தடை பெற்றது. உடனே வாஷிங்டன் போஸ்ட் எடுத்துக்கொண்டது; அதற்குப் பின் வேறு இதழ்களும் முன்வந்தன. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இதழ்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பத்திரிகை ஆளப்படுவோருக்கு உழைக்க வேண்டும், ஆள்வோருக்கு அல்ல என்ற பொருள்பட நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதியதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பெரும்பான்மையில் இருந்த நீதிபதி பைரன் ஒயிட் எழுதியதைப் பலர் படிப்பதில்லை. முன்தடை கூடாது என்று ஒப்புக்கொண்ட அவர், வெளியிட்ட பிறகு குற்றவியல் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுப்பது வேறு விஷயம் என்று வெளிப்படையாகவே சுட்டிக்காட்டினார். அந்தக் கதவு அன்று மூடப்படவில்லை. 48 ஆண்டுகளுக்குப் பிறகு, 2019-இல், அசாஞ்சே மீது உளவுச் சட்டத்தின் கீழ் 17 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டபோது அரசு நுழைந்தது அதே கதவு வழியாகத்தான். கணினி ஊடுருவல் சதி என்ற 18-ஆவது குற்றச்சாட்டையும் சேர்த்தால் அதிகபட்சம் 175 ஆண்டுச் சிறை.

கடலோடி அவர்கள் சொன்ன பெயர் விவகாரம் இந்த வழக்கில் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வெளியிட்டதற்காக மட்டும் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள், பெயர் மறைக்கப்படாத ஆவணங்களோடு நிறுத்திக்கொள்ளப்பட்டிருந்தன. ஆனால் ஆவணத்தைக் கேட்டது, பெற்றது, வைத்திருந்தது ஆகியவற்றுக்கான குற்றச்சாட்டுகளில் அந்த எல்லை இல்லை. ஒரு செய்தியாளர் அதிகாரியிடம் ஆவணம் கேட்பதும் பெறுவதும் குற்றம் என்றால், பெயரை மறைத்து அச்சிட்டாலும் அவர் குற்றவாளிதான். 2021 ஜனவரி 4 அன்று லண்டனில் நீதிபதி வனெஸா பராய்ட்சர் நாடுகடத்த மறுத்தது அசாஞ்சேயின் மனநலத்தைக் காரணம் காட்டி மட்டுமே. பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய வாதங்களை அவர் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை வெற்றியாகக் கொண்டாடியவர்கள் முழுவதையும் படித்திருந்தால் கவலைப்பட்டிருப்பார்கள்.

யாழ்வாசி

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே இந்த விடயம், பேச்சுச் சுதந்திரத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தைப் பற்றிய வாதமாக மட்டும் இருக்க முடியாது. ஏனெனில் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதர் பட்ரிசியா புட்டெனிஸ் 2010 ஜனவரி 15 அன்று அனுப்பிய ரகசியக் கேபிள் எங்களுடைய இறந்தவர்களைப் பற்றியது. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதங்கள்கூட ஆகாத நேரம் அது. ஓர் ஆட்சி பதவியில் இருக்கும்போதே தன் படைகளையும் மூத்த அதிகாரிகளையும் போர்க்குற்றங்களுக்காக முழுமையாக விசாரித்ததற்கு முன்னுதாரணம் தமக்குத் தெரியாது என்று அவர் எழுதினார். இலங்கையில் நிலைமை மேலும் சிக்கலானது, ஏனெனில் குற்றச்சாட்டுகள் பலவற்றின் பொறுப்பு அதிபர் ராஜபக்ச, அவருடைய சகோதரர்கள், எதிரணி வேட்பாளர் ஜெனரல் பொன்சேகா உள்ளிட்ட உயர் தலைமையிடமே இருக்கிறது என்றும் எழுதினார். தேர்தலுக்கு 11 நாட்களே இருந்தன. தமிழ் வாக்காளர்களின் முன் நின்ற இரு முதன்மை வேட்பாளர்களைப் பற்றியும் ஒரு வல்லரசின் தூதர் இவ்வாறு எழுதிவிட்டு, அதன் மேல் ரகசிய முத்திரை குத்தினார். நாங்கள் அதைப் படித்தது அந்த ஆண்டு டிசம்பரில், கார்டியன் வெளியிட்ட பிறகு.

அப்போது எங்கள் பத்திரிகைகள் இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்டிருந்தார். போரில் அரசு நடந்துகொண்ட முறையை விமர்சித்து எழுதிய ஜே. எஸ். திசைநாயகத்துக்கு, எழுதியதற்காகவே, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் உதவியோடு 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. அந்தக் கேபிள் அனுப்பப்பட்ட ஒன்பதாம் நாள் பிரகீத் எக்னலிகொட காணாமல் ஆக்கப்பட்டார். எங்கள் நாட்டுச் செய்தியாளர் உயிரைப் பணயம் வைத்தாலும் அச்சிட முடியாத ஒரு வாக்கியம், வேற்று நாட்டின் கோப்பில் பத்திரமாக இருந்தது. அதைக் கசியவிட்டவர் மீது எனக்கு நன்றி உண்டு, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அதே கேபிளில் இன்னொன்றும் இருக்கிறது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தூதரகத்தோடு கதைத்த தமிழ் அரசியல்வாதிகள், பொறுப்புக்கூறல் அவசியம்தான், ஆனால் இப்போது இங்கிருந்தபடி அதை வலியுறுத்தினால் தாங்கள் ஆபத்துக்குள்ளாவோம் என்று சொன்னதாக எழுதப்பட்டுள்ளது. அஞ்சி அஞ்சிக் கதைத்த மனிதர்கள் அவர்கள். தூதரகக் கேபிள்களில் சிலருடைய பெயர்களுக்கு அருகே ‘கண்டிப்பாகப் பாதுகாக்கவும்’ என்ற குறிப்பு இருக்கும். எல்லாக் கேபிள்களும் திறந்துவிடப்பட்டபோது, அந்தக் குறிப்பே தேடிப் பிடிக்க உதவும் அடையாளமாகிவிட்டது. கடலோடி அண்ணா பேசிய எத்தியோப்பியருடைய இடத்தில் எங்கள் ஊர் ஆசிரியரோ பாதிரியாரோ இருந்திருக்கலாம். ஆகவே கசிவை வரவேற்கும் நானே பெயர் மறைப்பையும் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கேட்பதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வைகைக்கரை

யாழ்வாசி எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். பென்டகன் ஆவணங்களைக் கசியவிட்ட டேனியல் எல்ஸ்பெர்க் 47 தொகுதிகளில் 43-ஐத்தான் இதழ்களிடம் கொடுத்தார். சமாதானப் பேச்சுவார்த்தைகளைப் பற்றிய கடைசி நான்கு தொகுதிகள், அந்தப் பேச்சுகளுக்கு ஊறு வரக்கூடாது என்பதற்காக நிறுத்திவைக்கப்பட்டன. வாழ்நாள் முழுவதும் சிறையில் கழிக்க ஆயத்தமாக இருந்தவர், எதை மறைப்பது என்றும் யோசித்திருக்கிறார். அதற்காக அரசு அவரிடம் கருணை காட்டவில்லை. 115 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. வெள்ளை மாளிகை ஏவிய ஆட்கள் அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தைக் கள்ளத்தனமாக உடைத்துப் புகுந்தது வெளிப்பட்டதால்தான் 1973 மே மாதம் நீதிபதி மேத்யூ பர்ன் வழக்கைத் தள்ளுபடி செய்தார். எல்ஸ்பெர்க் நல்லவர், அசாஞ்சே கெட்டவர் என்று பிரித்துப் பேசுவோருக்கு எல்ஸ்பெர்க்கே பதில் சொன்னார்: 2020 செப்டம்பரில் லண்டன் விசாரணையில் அசாஞ்சேக்காகச் சாட்சியம் அளித்து, அந்தப் பிரிவினையைத் தாம் ஏற்கவில்லை என்று கூறினார்.

கடலோடி அவர்களின் முதல் வாதத்தை நான் ஏற்கவில்லை. பாஸ்குவலின் பதவி போனது ஒரு தனிமனிதருக்கு வருத்தமே; ஆனால் போதைக் கும்பல்களின் போரில் பல்லாயிரம் பேரை இழந்துகொண்டிருந்த மெக்சிகோ மக்களுக்கு, தங்கள் ராணுவம் எப்படி நடக்கிறது என்று அறிய உரிமை இல்லையா? தேசப் பாதுகாப்புக்கு ஈடுசெய்ய முடியாத கேடு வரும் என்று அரசுகள் எழுப்பும் கூக்குரலைப் பற்றியும் ஒரு சாட்சியம் இருக்கிறது. 1971-இல் அரசுத் தரப்பில் உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய எர்வின் கிரிஸ்வால்ட், 1989-இல் வாஷிங்டன் போஸ்டிலேயே எழுதினார்: அந்த வெளியீட்டால் தேசப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் ஏற்பட்டதற்கான தடயத்தைக்கூடத் தாம் கண்டதில்லை என்று. பெரும்பாலான ரகசிய முத்திரைகளின் நோக்கம், அரசுக்கு ஏதேனும் ஒரு வகையில் வரக்கூடிய சங்கடத்தைத் தவிர்ப்பதே என்றும் அவர் கருதினார். 2013-இல் மேனிங்கின் தண்டனை விசாரணையில் சாட்சி சொன்ன பிரிகேடியர் ஜெனரல் ராபர்ட் கார், பாதிப்பை ஆராய்ந்த ராணுவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அந்தக் கசிவால் கொல்லப்பட்டார் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒருவரையும் அவரால் காட்ட முடியவில்லை.

அச்சுக்கூடம்

செய்தித்தாள் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் இந்திய நிலையைச் சேர்க்கிறேன். நம்மிடம் இருப்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம்; காலனி ஆட்சி தன் குடிகளை நம்பாமல் எழுதியது. ரஃபேல் விமான ஒப்பந்தத்தில் பிரதமர் அலுவலகம் இணையாகப் பேச்சு நடத்துவதைப் பாதுகாப்பு அமைச்சகம் ஆட்சேபித்த குறிப்பை 2019 பிப்ரவரியில் ‘தி இந்து’வில் என். ராம் வெளியிட்டார். அடுத்த மாதம் தலைமை வழக்கறிஞர் வேணுகோபால், அவை திருடப்பட்ட ஆவணங்கள், நீதிமன்றம் அவற்றைப் பார்க்கவே கூடாது என்று வாதிட்டார். ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை நிராகரித்தது. ரகசியம் என்று குறிக்கப்பட்ட ஆவணங்களின் வெளியீட்டைத் தடுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் அரசுக்குக் கொடுத்ததாக எந்தச் சட்டப்பிரிவும் தங்கள் முன் காட்டப்படவில்லை என்று எழுதிய நீதிபதிகள், 1971-இன் அமெரிக்கத் தீர்ப்பையும் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். பின்னர் மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியானது வேறு. அன்று ஆவணங்களைப் படிக்க நீதிமன்றம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பது எங்கள் தொழிலுக்குப் பெரிய காரியம்.

ஆனால் சட்டவாசகர் சொன்ன இரண்டாவது கதவு இங்கேயும் திறந்தே இருக்கிறது. 1923 சட்டத்தின் ஐந்தாவது பிரிவு ரகசியத்தைக் கொடுப்பவரோடு பெறுபவரையும் தண்டிக்கிறது. காஷ்மீர்ப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானி 2002 ஜூனில் இந்தச் சட்டத்தின் கீழ் கைதானார். அவர் கணினியில் இருந்தது பாகிஸ்தான் ஆய்வு நிறுவனம் ஒன்று ஏற்கெனவே வெளியிட்டிருந்த ஆவணம். அரசு வழக்கைத் திரும்பப் பெற்று அவர் வெளியே வருவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. தீர்ப்பில் வென்றாலும் வாழ்வில் இழந்த மாதங்கள் திரும்பி வருவதில்லை. அதை ஒவ்வோர் ஆசிரியர் குழுவும் அறியும். கையில் ஆவணம் வந்ததும் ‘இதை இப்போது வேண்டாம்’ என்று அடங்கிப்போகும் பேச்சுகளை நான் கேட்டிருக்கிறேன். அந்த அச்சம் எந்தத் தீர்ப்பிலும் பதிவாவதில்லை.

கடலோடி

அச்சுக்கூடம் ஐயா எழுதியதை மதிக்கிறேன். கிலானி கைதானது அநீதி. என் நிலைப்பாட்டைத் தெளிவாக்குகிறேன். ரகசியம் காப்பதாக உறுதிமொழி எடுத்த அதிகாரியை அரசு தண்டிக்கலாம். உறுதிமொழி எடுக்காத செய்தியாளரைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் பெயர்களைத் திறந்துவிட்டு ஒருவரின் உயிருக்கு ஊறு விளைவிப்பவர், தம்மைச் செய்தியாளர் என்று சொல்லிக்கொள்வதாலேயே எல்லாப் பொறுப்பிலிருந்தும் நீங்கிவிடக் கூடாது. கொல்லப்பட்டவர் என்று ஒருவரையும் காட்ட முடியவில்லை என்பது ஆறுதல்தான். ஓடிப்போனவர்களையும் வாயடைத்துப்போனவர்களையும் அந்தக் கணக்கு உள்ளடக்கவில்லை.

சட்டவாசகர்

உறுதிமொழி எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும் இடையே கடலோடி அவர்கள் போடும் கோட்டை ஒட்டியே ஒரு மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2020-இல் வந்தது. செனட்டர் ரான் வைடனும் பிரதிநிதி ரோ கன்னாவும் கொண்டுவந்த அந்த மசோதா, உளவுச் சட்டத்தின் பிடியிலிருந்து செய்தியாளர்களை விலக்க முயன்றது. அது சட்டமாகவில்லை. எனக்கு ஒரு சேர்க்கை உண்டு: உறுதிமொழி எடுத்தவருக்கும் பொதுநலன் கருதிச் செய்தேன் என்று நீதிமன்றத்தில் வாதிட உரிமை வேண்டும். 2003-இல் ஈராக் போருக்கு முன், ஐ.நா. பாதுகாப்பு அவை உறுப்பு நாடுகளின் தூதுக்குழுக்களை ஒட்டுக்கேட்க உதவுமாறு அமெரிக்க உளவு நிறுவனம் பிரிட்டனைக் கேட்ட மின்னஞ்சலை, பிரிட்டிஷ் உளவு மையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காத்தரின் கன் கசியவிட்டார். ‘அப்சர்வர்’ அதை வெளியிட்டது. போர் சட்டவிரோதமானது என்பதைத் தம் தரப்பு வாதமாக்க அவர் முனைந்தார். 2004 பிப்ரவரியில், விசாரணை தொடங்கிய அன்றே அரசு வழக்கைக் கைவிட்டது. பொதுநல வாதத்துக்கு பிரிட்டனின் 1989 அலுவல் ரகசியச் சட்டத்தில் இடமே இல்லை. அந்த இடம் இருந்திருந்தால் அவர் ஓராண்டுக் காலம் அரசின் தயவை எதிர்நோக்கி இருக்க வேண்டியதில்லை.

சைப்பானில் அசாஞ்சே நீதிபதியிடம் சொன்னதையும் கவனியுங்கள். முதல் திருத்தம் தம் செயலைக் காக்கிறது என்று நம்பிச் செயல்பட்டதாகவும், அதுவும் உளவுச் சட்டமும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றே இன்றும் கருதுவதாகவும், ஆனால் இன்றைய சூழலில் அப்படி வாதாடி வெல்வது கடினம் என்பதை ஏற்பதாகவும் அவர் சொன்னார். வெளியீட்டாளர் விஷயத்தில் அந்த முரணை எந்த மேல்முறையீட்டு நீதிமன்றமும் இன்றுவரை தீர்த்துவைக்கவில்லை. குற்ற ஒப்புதல் என்பதால் இது முன்தீர்ப்பாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அடுத்த அரசு வழக்கறிஞர், இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வெளியீட்டாளரிடமிருந்து ஒப்புதல் பெற முடியும் என்று தெரிந்துகொண்டுவிட்டார்.

யாழ்வாசி

கடலோடி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. வெளியீட்டாளருக்குப் பொறுப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். அந்தப் பொறுப்பை அளக்கும் கோலை, ஆவணத்தால் அம்பலப்பட்ட அரசின் கையில் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஐந்து இதழ்களின் ஆசிரியர்கள் 2011-இல் அசாஞ்சேயைக் கண்டித்தார்கள். அதே ஐந்து இதழ்கள் 2022 நவம்பரில், வெளியிடுவது குற்றமல்ல, வழக்கைக் கைவிடுங்கள் என்று கூட்டாகக் கடிதம் எழுதின. கண்டிக்கவும் காக்கவும் தெரிந்த அத்தகைய ஆசிரியர்கள் முடிவு செய்யட்டும். புட்டெனிஸின் கேபிள் எழுதப்பட்டதிலிருந்து, இலங்கை குறித்து மனித உரிமைப் பேரவையில் அமெரிக்கா தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்ற 2012 மார்ச் வரை ஆனது. அந்த இரண்டு ஆண்டுகளில் வாஷிங்டன் என்ன அறிந்திருந்தது, எப்போது அறிந்திருந்தது என்று கேட்கும்போது எங்கள் கையில் இருக்கும் எழுத்து ஆதாரம் கசிந்து வந்த அந்தத் தாள்கள்தான். போரின் கடைசி மாதங்களைப் பற்றி டெல்லியும் லண்டனும் தங்கள் கோப்புகளில் எழுதி வைத்திருப்பவை இன்னும் எங்களுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.